அப்பாவின் என்.ஏ.டி.

குழித்தறியில் உட்கார்ந்தவர் நினைத்த மாத்திரத்தில் எழுந்துவிட முடியாது. கால் இரண்டும் குழிக்குள் மிதிமேல் இருக்கும். நெய்த துணியைச் சுற்றும் மரம் வயிற்றை ஒட்டிக் கிடக்கும். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியிலிருந்து அட்டைகள் தொங்கும். எழ வேண்டுமானால் நாடாவை ஓரமாக வைத்து, இரு கையையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒவ்வொரு காலாக வெளியே எடுக்க வேண்டும். அப்பா ஒரு காலைப்பொழுதில் ஐந்தாறு முறை அப்படி எழுவார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு தறி. ஒரு தறியின் சத்தம் நின்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். "அண்ணனுக்கு வயிறு மறுபடி ஆரம்பிச்சுடுச்சு போல" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை சொல்வது எனக்குக் கேட்கும். அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

நான் கோர்வை போடும் பையன். 1974, எனக்குப் பத்து வயது. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் ஊடையில் கோத்துக் கோத்துத்தான் நெய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒருவர் கை போதாது. வலக்கரைப் பக்கம் ஒரு பையன் உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கும்வரை அதுதான் என் வேலை. அப்பா எழுந்து கொல்லைக்குப் போனால் நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். திரும்பி வந்ததும் கைகால் கழுவி, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, காற்றில் கொஞ்சம் ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் குழிக்குள் இறங்குவார். ஈரக் கை பட்டில் படக்கூடாது. ஒரு முறைக்குக் கால் மணி போய்விடும். ஒரு பாவில் மூன்று புடவை. மற்றவர்கள் மூன்றையும் அறுத்துக்கொண்டு கூலி வாங்கப் போகும் நாளில் அப்பாவுக்கு இன்னும் ஒரு புடவை பாக்கி இருக்கும். கூலி புடவைக்குத்தான், நாளுக்கு இல்லை. எங்கள் வீட்டு அரிசிப் பானை அப்பாவின் வயிற்றைக் கேட்டுத்தான் நிறைந்தது.

கொல்லையில் நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே எடுப்புக் கக்கூஸ். விடியற்காலையில் பின்சந்து வழியாக வந்து அதை வாரிச் சுமந்துகொண்டு போன ஒரு அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடுமையைத் தடை செய்யும் சட்டம் 1993-ல்தான் வந்தது. அப்பாவின் நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த அம்மாளின் முகமும் கூடவே வருகிறது. அவரைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் வயிற்றுக்கு ஊரில் பல பெயர் இருந்தது. வாயு என்றார்கள், சூடு என்றார்கள், கிராணி என்றார்கள். வலி தொப்புளுக்குக் கீழே முறுக்கும். போய்விட்டு வந்தால் அடங்கும். ஒரு மணி நேரத்தில் மறுபடி முறுக்கும். கல்யாணம், முதலாளி கணக்குப் பார்க்கும் நாள், பாவு பிணைக்கும் நாள் என்றால் அதிகமாகும். இரவில் மட்டும் தொந்தரவு இல்லை. தூங்கிவிட்டால் காலைவரை எழமாட்டார். பாட்டி ஓமத்தண்ணீர் வைத்தாள், மாதுளைத் தோலைக் காயவைத்து இடித்து மோரில் கலக்கிக் கொடுத்தாள், சுண்டைவற்றலை வறுத்துச் சோற்றில் பிசைந்தாள். தொக்கம் எடுக்கும் கிழவி ஒருத்தி வெள்ளிக்கிழமைதோறும் வருவாள். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து அப்பாவின் வயிற்றில் வட்டமாக நீவிக்கொண்டே, என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், யாரோடு சண்டை போட்டாய் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று மாலை அப்பா நன்றாக இருப்பார். வைகாசி கருட சேவையின்போது வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி கிடைத்தால் ஒரு துண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார். மூங்கில் குடலையில் இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு போட்டு வேகவைத்தது. அது தன் வயிற்றுக்கென்றே பெருமாள் போட்ட மருந்து என்று அவருக்கு நம்பிக்கை.

இவை எதுவும் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் செய்திருக்கக்கூடியது கடையில் வாங்கியதுதான். அந்த நாளில் வயிறு என்று சொன்னாலே மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பார், சீட்டு வேண்டாம். கிளியோகுவினால் என்பது மருந்தின் பெயர் என்று பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன். அப்பா அதை மாதக்கணக்கில் விழுங்கினார். ஜப்பானில் இதே மருந்தைச் சாப்பிட்டவர்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் கால் மரத்து, நடை தள்ளாடி, சிலருக்குப் பார்வையும் போயிற்று. முதலில் ஏதோ தொற்றுக்கிருமி என்று தேடினார்கள். கடைசியில் மருந்துதான் காரணம் என்று தெரிந்து 1970 செப்டம்பரில் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் ஊரில் அது கிடைத்தது. அப்பா பிற்காலத்தில் பாதம் மரத்துப் போகிறது, மிதி காலில் தெரியவில்லை என்று சொன்னதுண்டு. குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தோம். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்த ஜப்பான் செய்தியைப் படித்த நாளிலிருந்து அவருடைய பாதங்கள் என் நினைவை விட்டுப் போகவில்லை.

1975-ல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவைக் காட்டினார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அந்த நாளில் எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மலம் சோதித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்யா. எல்லாம் மனசுதான்" என்றார். சீட்டின் கீழே மூன்று ஆங்கில எழுத்து. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையனிடம் காட்டி எழுத்துக் கூட்டச் சொன்னார். "என்.ஏ.டி." என்றான் அவன்.

அதுதான் தன் நோயின் பெயர் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் சொன்னார், "அம்மா, எனக்கு வந்திருக்கறது என்.ஏ.டி. டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு." மறுநாள் முதலாளி வீட்டுக்குச் சீட்டை எடுத்துப்போய்க் காட்டினார். அதுவரை "வேலைக்கு அலுத்துக்கிட்டுக் கொல்லைக்கு ஓடறான்" என்று பேசிக்கொண்டிருந்த முதலாளி, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோ, ரெண்டு நாள் முன்ன பின்ன ஆனா பரவாயில்ல" என்றாராம். பெயர் கிடைத்த பிறகு அப்பாவின் நடையே மாறிற்று. யாராவது கேட்டால் தலை குனியாமல் சொல்வார்: "எனக்கு என்.ஏ.டி. இருக்குது."

எனக்கு அந்த நோய் 1986-ல் வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. ஐப்பசி மழையில் குடிதண்ணீர் கெட்டு, ஒரு வாரம் காய்ச்சலும் பேதியுமாகக் கிடந்தேன். காய்ச்சல் போயிற்று, வயிறு பழைய நிலைக்கு வரவே இல்லை. இப்படி நடப்பதுண்டு என்பதற்குப் பெரிய சாட்சி கனடாவில் இருக்கிறது. 2000 மே மாதம் வாக்கர்டன் என்ற சிறிய ஊரில் குழாய்த் தண்ணீரில் கிருமி கலந்து 2,300 பேர் போல நோயில் விழுந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மற்றவர்களை மருத்துவர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். எட்டு ஆண்டு கழித்தும் நூற்றுக்குப் பதினைந்து பேர் போல வயிற்றுத் தொந்தரவோடுதான் இருந்தார்கள். கிருமி எப்போதோ போய்விட்டது. குடல் மட்டும் அதை மறக்கவில்லை. ஐப்பசி மழையில் எத்தனை தெருக்கள் இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் தெருக்களை எட்டு ஆண்டு யாரும் பின்தொடரவில்லை.

அந்த வருடமே ஒரு டாக்டரின் சீட்டில் அப்பாவின் மூன்றெழுத்தை மறுபடி பார்த்தேன். என் சீட்டில். எனக்கு அதன் பொருள் புரிந்தது. அசாதாரணமாக எதுவும் தென்படவில்லை என்பதன் சுருக்கம். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அப்பா தறியில் இருந்தார். "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். "உனக்கு இருக்கறதுதான்பா எனக்கும்" என்றேன். அவர் நாடாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பரம்பரையா வருது போல" என்றார். அந்தக் குரலில் இருந்த துக்கம் இன்னும் காதில் இருக்கிறது. 1998-ல் அவர் இறக்கும்வரை அந்த மூன்றெழுத்தின் பொருளை நான் அவரிடம் சொல்லவில்லை.

வாலாஜாபாத் பஸ்ஸை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. அதிக தூரம் இல்லை. ஆனால் வழியில் எங்கே இறங்கினால் மறைவான இடம் இருக்கும், எந்தக் கிணற்றடியில் தண்ணீர் கிடைக்கும், எந்த வீட்டில் கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்று முழுப் பாதையும் எனக்கு மனப்பாடம். காலையில் சாப்பிடாமல் கிளம்புவேன். முதல் பாடவேளையில் வயிறு முறுக்கும்போது பிள்ளைகளைப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதை வைத்து ஒரு மனிதன் தன் வாழ்க்கையையே வரைந்துகொள்கிறான்: எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எந்த ஊருக்கு மாற்றல் கேட்காமல் இருப்பது, சினிமாவில் எந்த நாற்காலி. சாகடிக்கும் நோய் அல்ல என்று டாக்டர்கள் ஆறுதல் சொன்னார்கள். நான் சாவைப் பற்றிக் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையைப் பற்றித்தான் கேட்டேன்.

மருந்துகளைச் சொல்கிறேன். முதல் பதினைந்து வருடமும் எனக்கு அமீபாவுக்குத்தான் வைத்தியம். மலம் சோதித்தால் "அமீபா சிஸ்ட்" என்று எழுதி வரும். மெட்ரோனிடசோல் ஐந்து நாளோ ஏழு நாளோ கொடுப்பார்கள். நாக்கில் பழைய செப்புக்காசை வைத்ததுபோல் ஒரு கசப்பு, சோற்றைக் கண்டால் குமட்டல், சிறுநீர் கறுத்துப் போகும். முடிந்ததும் பத்து நாள் நன்றாக இருப்பதுபோல் இருக்கும். பிறகு முறுக்கும். மறுபடி சோதனை, மறுபடி சிஸ்ட், மறுபடி அதே மாத்திரை. இப்படி எத்தனை சுற்று போனேன் என்று கணக்கு வைக்கவில்லை, இருபதுக்குக் குறையாது. நம் குடலில் வாழும் இந்த அமீபாவில் இரண்டு இனம் உண்டு. ஒன்று சீதபேதியும் ஈரல் கட்டியும் உண்டாக்குவது. இன்னொன்று எந்தத் தீங்கும் செய்யாமல் குடியிருப்பது. சாதாரண நுண்ணோக்கியில் இரண்டின் சிஸ்டும் ஒன்றுபோலவே தெரியும். 1925-லேயே ஒரு பிரெஞ்சு அறிஞர், புரூம்ப், இதைச் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. 1993-ல்தான் இரண்டும் வேறு வேறு என்று உறுதிப்பட்டது. 1997-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, நுண்ணோக்கியில் சிஸ்ட் தெரிந்தது என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. என் குடலில் இருந்தது அனேகமாக அந்த அப்பாவியான இனம். அதைக் கொல்லத்தான் இத்தனை மாத்திரை.

இடையில் இன்னொரு மாத்திரை. குடலின் இறுக்கத்தைத் தளர்த்த இரண்டு மருந்து, பதற்றத்தைத் தணிக்க ஒரு மருந்து, மூன்றும் சேர்ந்தது. பதற்றத்துக்கு இருந்தது குளோர்டயசெபாக்சைடு, 1960-ல் உலகச் சந்தைக்கு வந்த பழைய சாந்த மருந்து. இது கேட்டது: வயிறு அடங்கிற்று, தலையில் லேசாகப் பஞ்சு மூடியதுபோல் ஒரு அமைதி. குறுகிய காலத்துக்குக் கொடுக்க வேண்டியதை நான் நான்கு வருடம் சாப்பிட்டேன். சீட்டைப் புதுப்பிக்க யாரும் கேட்கவில்லை. நானாக நிறுத்தியபோது ஒன்பது இரவு தூக்கமில்லை. கை நடுங்கிச் சுண்ணக்கட்டி பிடிக்க முடியவில்லை. பழக்கமாகும் மருந்து என்று ஒரு வார்த்தை முதலில் சொல்லியிருக்கலாம்.

அக்காவுக்கு இதே நோயின் மறுபக்கம். சின்னக் காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குப் போகாது, நான்கு நாள், ஐந்து நாள் வயிறு கல்லாக இருக்கும், வலிக்கும். கூட்டுக் குடும்பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. எல்லாரும் போன பிறகுதான் மருமகள் போக வேண்டும், அதற்குள் அடுப்பு கூப்பிடும். 2005 வாக்கில் அவளுக்கு டெகாசெரோட் என்ற புது மாத்திரை எழுதினார்கள். நன்றாகவே கேட்டது. 2007 மார்ச்சில் அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது: சோதனைகளில் அதைச் சாப்பிட்ட 11,614 பேரில் 13 பேருக்கு இதயம் அல்லது மூளை இரத்த ஓட்டத்தில் பாதிப்பு, வெற்று மாத்திரை சாப்பிட்ட 7,031 பேரில் ஒருவருக்கு. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் உயிரை எடுக்காத நோய்க்கு உயிரைப் பணயம் வைக்கச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட நாள் 2011 மார்ச் 16. இடைப்பட்ட நான்கு வருடம் அக்கா அதை வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நான்கு வருடத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

2008-ல் இந்திய இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் குழு 18 மருத்துவ மையங்களிலிருந்து திரட்டிய விவரங்களை வெளியிட்டது. பொதுமக்களில் நூற்றுக்கு 4.2 பேருக்கு இந்த நோய். மேல்நாட்டுப் புத்தகங்கள் பெண்களுக்கே அதிகம் என்று எழுதும். இங்கே மருத்துவமனைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். இதைப் படித்தபோது எனக்கு அக்காதான் நினைவுக்கு வந்தாள். நம் பெண்களுக்கு இந்த நோய் குறைவு என்று நான் நம்பவில்லை. அவர்கள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

எல்லாவற்றையும் இதே நோய் என்று நினைத்துவிடவும் கூடாது. எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா முறை ஆகிறவர், மலத்தில் இரத்தம் போவதை மூலம் என்று நினைத்து ஒன்றரை வருடம் நாட்டு மருந்து சாப்பிட்டார். உடம்பு பாதியானது. காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனபோது பெருங்குடலில் கட்டி முற்றியிருந்தது. இரத்தம் போனால், எடை இறங்கினால், சோகை வந்தால், வயிறு நடுராத்திரியில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பினால், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால், அது வேறு. ஒரு நாள்கூடத் தள்ளாமல் போக வேண்டும்.

2009-ல், சென்னையில், ஒரு அம்மா டாக்டர். என் கதையை நடுவில் மறிக்காமல் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, இரவில் எழுப்புமா, பள்ளி விடுமுறையில் எப்படி இருக்கும், அப்பாவுக்கு இருந்ததா. எனக்குத் தொக்கம் எடுக்கும் கிழவியின் கைச்சூடு நினைவுக்கு வந்தது. பிறகு சொன்னார்: "உங்க குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல, இப்ப கிருமியும் இல்ல. ஆனா வலி இருக்கு. அந்த வலி நெசம்."

இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அப்படிச் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்று பெயர் சொன்னார். இங்கிலாந்தில் ரிச்சி என்ற மருத்துவர் செய்த ஒரு சோதனையை விளக்கினார். பெருங்குடலின் கடைசிப் பகுதிக்குள் சின்னப் பலூனை வைத்து ஊதியிருக்கிறார்கள். 60 மில்லி காற்று போனபோது நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு வலித்தது; இந்த நோய் உள்ளவர்களில் 55 பேருக்கு. குடல் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதன் நரம்புகள் விறைப்பாக இழுத்துக் கட்டிய பாவுபோல, விரல் பட்டாலே அதிரும். நான் நெசவாளி மகன் என்று தெரியாமலே அவர் நூலை உதாரணம் காட்டினார். அந்தச் சோதனை எப்போது நடந்தது என்று கேட்டேன். 1973 என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூர்வரை அந்த ஆண்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் எல்லாம் மனசுதான் என்று சொல்லப்பட்டது 1975-ல். அவர் வலிக்குச் சாட்சி அதற்கு இரண்டு வருடம் முன்பே அச்சாகியிருந்தது. பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சேர இன்னும் முப்பத்து நாலு வருடம் ஆயிற்று.

எனக்கு எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1961 முதல் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படுவது. அதற்கு 75, 100 என்று போகும். குடல் நரம்பை அடக்க இந்தத் துளி போதும் என்றார். எங்கள் ஊர் மருந்துக்கடையில் சீட்டை நீட்டியதும், "சார், இது மென்டல் கேஸுக்குக் குடுக்கறதாச்சே, யாருக்கு?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார்கள். பக்கத்தில் என் மாணவனின் அப்பா. "தெரிஞ்சவருக்கு" என்று சொல்லி வாங்கி வந்து, ஒரு மாதம் பீரோவில் வைத்திருந்தேன். பிறகு ஒரு ராத்திரி சாப்பிட்டேன். வாய் உலர்ந்தது, காலையில் கண் கனத்தது. மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் ஆறு மாதம் நடத்திய சோதனை வெளிவந்தது. ஊர் டாக்டர்களே கொடுத்தது, 10-ல் ஆரம்பித்து 30 மில்லிகிராம்வரை. வெற்று மாத்திரையைவிடத் தெளிவாகக் கேட்டது. செய்தியைப் படித்துவிட்டு, அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டேன். நான் வெட்கப்பட்டுப் பூட்டி வைத்த ஒரு மாதம்.

கூடவே இசப்கோல். சரிகை சூரத்திலிருந்து வருவதுபோல இதுவும் குஜராத்துப் பொருள்தான். உஞ்சாவில் பெரிய சந்தை. முன்பு கோதுமைத் தவிட்டைத் தின்னச் சொன்னார்கள். அது என் வயிற்றை ஊதவைத்தது. நெதர்லாந்தில் 275 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்டபோது இசப்கோல்தான் உதவியது. தவிடு பலருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெற்று மாத்திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2010-ல் பாஸ்டனில் இந்த நோய் உள்ள 80 பேரில் ஒரு பாதிக்கு, "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 விழுக்காட்டினருக்குப் போதுமான நிவாரணம். எதுவும் கொடுக்காதவர்களில் 35. இதை மருந்து பொய் என்பதற்குச் சான்றாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உட்கார வைத்து, நேரம் கொடுத்து, முகம் பார்த்துப் பேசியதும் குடலுக்குள் போய்ச் சேர்கிறது. வெள்ளிக்கிழமைக் கிழவிக்கு ஊர் கொடுத்தது நாலணா. அவள் கொடுத்ததற்கு அது குறைவு.

இப்போது என் மகள். ஒரகடத்தில் வேலை; விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். போன வருடம் அவளுக்கும் ஆரம்பித்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் காலை அவள் சாப்பிடாமல் கிளம்புவதைப் பார்த்தேன். கேட்க எதுவும் இருக்கவில்லை. நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வலி, போனால் குறைகிறதா, எத்தனை முறை, எப்படிப் போகிறது என்று கேட்டார். சுவரில் ஏழு வகை மலத்தின் படம் ஒட்டியிருந்தது. அவள் கூச்சமில்லாமல் விரலை வைத்துக் காட்டினாள். மூன்று இரத்தச் சோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மலச் சோதனை. குழாய் விட்டுப் பார்க்கத் தேவையில்லை என்றார். அரை மணி நேரத்தில் பெயர் சொல்லி, குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வரும் கோளாறு என்று படம் போட்டு விளக்கினார். முதலில் இசப்கோல், புதினா எண்ணெய் குளிகை. சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பருப்புகளைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. பிறகு தேவைப்பட்டால் 10 மில்லிகிராம்.

இவ்வளவும் கிடைக்கும் காலத்தில்தான், எங்கள் தெருமுனைக் கடையில் வயிறு என்று சொன்னால் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரையை இன்றைக்கும் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். மகளின் தோழி மாதம் ஒரு முறை வாங்குகிறாள். சொல்லிப் பார்த்தேன். "உடனே நிக்குதே அங்கிள்" என்றாள். நானும் அப்படித்தான் சொன்னேன், இருபது தடவை.

தெருவில் பாதி வீடுகளில் தறி இல்லை. கோர்வைக்குப் பையன்கள் உட்காருவதில்லை, அது நல்லது. எங்கள் குழியை 2006-ல் மூடி டைல்ஸ் போட்டோம். அந்த இடத்தில்தான் இப்போது மகளின் மேசை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை, தாத்தாவுக்கும் இதுதானா என்று கேட்டாள். பரண்மேல் இருந்த அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். கூலிக் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், பட்டுத்துணித் துண்டில் சுற்றி, அந்தச் சீட்டு இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்ததை ஊடை நூலால் யாரோ, அப்பாதான், நுணுக்கமாகத் தைத்திருந்தார். அவள் விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தாள். அவளுக்கு அந்த எழுத்துகளின் பொருள் தெரியும்.

"தாத்தாகிட்ட நீ சொல்லலையாப்பா?"

"இல்ல."

அவள் சீட்டை மறுபடி பழைய மடிப்பிலேயே மடித்தாள். பட்டுத் துண்டில் சுற்றினாள். தன்னுடைய புதுச் சீட்டையும் அதோடு சேர்த்து வைத்துப் பெட்டியை மூடினாள்.